வேர்க்காத பாட்டில்

அந்த வீட்டில் நகைப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. பூட்டி வைக்கிற அளவுக்கு உள்ளே எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். வாசல் கதவின் தாழ்ப்பாளைக்கூடப் பாதி நாள் யாரும் போடுவதில்லை. ஆனால் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு உண்டு! சாவி சின்னவளின் கைப்பையில் இருக்கும். அவள் வேலைக்குக் கிளம்பினால் சாவியும் கூடவே வேலைக்குக் கிளம்பிவிடும்.

அன்று காலையும் பெரியவள் டீத்தண்ணீரைக் கொதிக்க விட்டுவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பால் வேண்டும். பால் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். தான் பார்த்துப் பார்த்து வாங்கிய ஃபிரிட்ஜின் முன்னால், பக்கத்து வீட்டுக்காரி மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது முதலில் கொஞ்ச நாள் அவமானமாகத்தான் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றாள்.

"ஏம்மா… கொஞ்சம் பால்…"

"வரேங்க்கா! தலைகூட வார விடாம… பால் இல்லேன்னா உசுரா போயிடும்?"

சின்னவள் ஒரு கையில் சீப்போடு வந்தாள். பூட்டைத் திறந்து, கதவைத் தன் தோள் நுழையும் அளவுக்கு மட்டும் விரித்து, பாலை எடுத்து மோந்து பார்த்து, டம்ளரில் ஊற்றி நீட்டினாள். நீட்டிய கை நீண்டபடியே இருக்க, வாய் வேலையை ஆரம்பித்தது.

"மத்தியானம் மீந்தா கொட்டிடுங்க. சாயந்தரம் வந்ததும் என்கிட்ட நீட்டாதீங்க. சூடா வச்சாலும் கெட்டுடும், லேட்டா வச்சாலும் கெட்டுடும், பச்சைக் கறி பக்கத்துல வச்சாலும் கெட்டுடும். ஃபிரிட்ஜுன்னா அலமாரி இல்லக்கா!"

"சரிம்மா."

இந்த 'சரிம்மா'வைத் தவிர அவள் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. சின்னவள் சொன்னது அத்தனையும் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டிருக்கலாம். கல்யாணமாகி வந்த புதிதில், ஆவி பறக்கிற சோற்றுப் பானையை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவள் இந்தச் சின்னவள்தான். "ஃபிரிட்ஜுன்னா அலமாரி இல்ல கண்ணு" என்று சிரித்துக்கொண்டே பானையை வெளியே எடுத்து, சோற்றை அகலத் தட்டில் பரப்பி, சூடு போனதும் மூடி போட்டு வைத்துக் காட்டியவள் பெரியவள். பச்சைக் கறி கீழ்த் தட்டில், சமைத்தது மேல் தட்டில், முட்டை கதவில் வேண்டாம் உள்ளே, காற்று ஓட இடம் விட்டு வை, அடைத்து வைத்தால் எதுவும் குளிராது… எல்லாம் அவள் வாயிலிருந்து வந்ததுதான். அது இப்போது அவளுக்கே புத்திமதியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டாள்.

வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. இரண்டு அறை, ஒரு கூடம், மேசையும் ஃபிரிட்ஜும் பாதி இடத்தை அடைத்துக்கொண்ட சமையலறை. பெரியவளின் புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். பகல் முழுக்க ஊரையே சுற்றுவார், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. அவருடைய தம்பி பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டுவிட்டு, காதோரம் மாவோடு காலையில் வருவான். தம்பி பெண்டாட்டிதான் சின்னவள். மருந்துக் கடையில் வேலை. அவர்கள் பெண் சிட்டு, இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள்.

பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்று சொல்வதும் சரியில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தன் அரை டிராயர் போட்ட பையன். தாய் தகப்பன் இல்லாத அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்து, காய்ச்சலில் பக்கத்தில் படுத்து, ஆளாக்கி, கல்யாணமும் பண்ணி வைத்தாள். பிறகு சிட்டு பிறந்தாள். சின்னவள் வேலைக்குப் போக, குழந்தை பெரியவள் இடுப்பிலேயே வளர்ந்தது. அம்மா என்று சொல்வதற்கு முன்னாலேயே "பெய்ம்மா" என்றது. அதன் வாய்க்கு எந்த அளவு உருண்டை என்பது அவள் விரலுக்குத் தெரியும்.

போன வெயில் காலத்தோடு அது முடிந்தது.

அன்று முதல் சிட்டு அவள் கையால் எதையும் சாப்பிடக் கூடாது. பெரியவள் மற்றவர்களுக்குச் சமைக்கலாம், பெருக்கலாம், துணி துவைக்கலாம். சிட்டுவுக்கு மட்டும் சின்னவள் தானே சமைத்து டப்பாவில் போட்டு வைத்ததை, சின்னவளே எடுத்து ஊட்டுவாள். பெரியவள் சமையலறை வாசலில் நின்று பார்க்கலாம். பார்ப்பதற்குப் பூட்டு போடவில்லை, அந்த மட்டும் சந்தோஷம்.

என்ன நடந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் கோழிக்கறியைச் சமைத்து, சிட்டுவுக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்து, மறுநாள் லேசாகச் சூடு பண்ணி ஊட்டினாள். சாயந்தரத்துக்குள் குழந்தை துவண்டு விழுந்தது. வாந்தி, பேதி, கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கையிலே ஊசி குத்தி, பாட்டில் மாட்டி, பிழைக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் பதில் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். "கெட்டுப்போன சாப்பாடு" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த நடைபாதையில் கொழுந்தன் சுவரில் தலையை மோதிக்கொண்டான். "என் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன் அண்ணி… அடுப்புலயே விழுந்துடுவேன்!" சின்னவள் தரையில் உட்கார்ந்து, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் சொன்னாள். "இதை யார் பண்ணியிருந்தாலும் சரி… இவரே பண்ணியிருந்தாலும் சரி… இனி அவங்களோட ஒரே கூரைக்குக் கீழ நான் வாழ மாட்டேன்." ஏற்கெனவே ஒரு தடவை கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய், பெரியவள் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தவள் அவள். சொன்னால் செய்வாள்.

குழந்தைக்கு மாற்றுத் துணி எடுக்கப் பெரியவள்தான் வீட்டுக்கு வந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள். அப்போது பூட்டு இல்லை. உள்ளே கையை விட்டதும் தெரிந்துவிட்டது. வெண்ணெய்க் கட்டி விரலில் அமுங்கியது. மேலே விளக்குக்குப் பக்கத்தில் குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். அவள் எப்போதும் நாலில் வைத்திருப்பாள். அது ஒன்றில் நின்றது. அதன் மேல் வெள்ளையாக ஒரு பெருவிரல் தடம்… மாவு!

அந்த வீட்டில் மாவு விரல் யாருக்கு உண்டு?

ஃபிரிட்ஜ் வாங்கிய புதிதில், ஒவ்வொரு எண்ணிலும் ஒரு நாள் வைத்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் அவள். எண் ஏற ஏறக் குளிர் ஏறும். ஆனால் பேக்கரி அடுப்பிலோ எண் ஏற ஏறச் சூடு ஏறும். அடுப்பையே பார்த்துப் பழகியவன், வெயிலுக்குத் தண்ணீர் ஜில்லென்று இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் எண்ணைக் குறைத்துவிட்டான். குறைத்துவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான். குளிரைத்தான் குறைத்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது.

பெரியவள் கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரத் துணியால் துடைத்தாள். குமிழை நாலுக்குத் திருப்பினாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், "கறியை நான்தான் வெளியிலயே மறந்து வச்சுட்டேன். அப்புறம் எடுத்து உள்ள வச்சேன்" என்றாள். சின்னவள் எழுந்து வந்து அவளை அறைந்தாள். புருஷன் "ஏன் அப்படிப் பண்ணினே?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன் மட்டும், சட்டை மாற்ற வீட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகு, அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

சிட்டு பிழைத்தது. பெரியவளுக்குத்தான் ஏதோ ஒன்று மரத்துப்போனது. ஐஸ் தட்டில் கையை வைத்தால் முதலில் சுள்ளென்று வலிக்கும். எடுக்காமலே வைத்திருந்தால் வலி போய், கையே தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிடும். அப்படித்தான். திட்டினால் உறைக்காது. பசித்தால் தெரியாது. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பாள்.

சின்னவள் ஊற்றித் தந்த பாலில் போட்ட டீயைப் புருஷனுக்குக் கொடுத்துவிட்டு அவள் சமையலறைக்குத் திரும்பினாள். சிட்டு சீருடையில் மேசை முன்னால் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் அரக்கப் பரக்க நேற்றுச் சமைத்த கறி டப்பாவை எடுத்து வைத்தாள். தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கூடவே புலம்பல்.

"என்ன வெயிலோ! காலையிலேயே கொதிக்குது. இந்தப் பொட்டியும் சும்மா பேருக்குத்தான் ஓடுது…"

ஓடவில்லை. அதைத்தான் பெரியவள் கேட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து அந்த உறுமல் காதில் விழவே இல்லை. அவள் கண் தானாக மேசைக்குப் போனது. இந்த வெயிலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் நிமிஷத்தில் வேர்த்துப் போகும். மேசையில் வட்டமாக ஈரம் நிற்கும். இந்தப் பாட்டில் வேர்க்கவில்லை. கடையில் அடுக்கி வைத்த பாட்டில் மாதிரி உலர்ந்து நின்றது.

நிலைப்படியைத் தாண்டாமலே குரல் கொடுத்தாள்.

"ஏம்மா… அந்தக் கறியைக் குடுக்காத."

சின்னவள் கரண்டியோடு திரும்பினாள். "என்ன?"

"கறி வேண்டாம்… வேற ஏதாச்சும் பண்ணித் தரேன். முட்டை…"

"யாரு? நீங்களா? நீங்க பண்ணித் தரீங்களா!" சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பைத் தவிர எல்லாம் இருந்தது. "எனக்கு நீங்க சொல்லித் தரீங்க? என் புள்ளைக்கு என்ன குடுக்கணும்னு நீங்க சொல்றீங்க! நல்லா இருக்கே நியாயம்! நான் சமைச்சது, நான் ஆற வச்சது, நான் பூட்டி வச்சது. உங்க கை படலேல்ல? அப்போ ஒண்ணும் ஆகாது. சிட்டு, ஆ காட்டு."

குழந்தை வாயைத் திறந்தது. கரண்டி போனது.

பெரியவள் எப்படி அத்தனை வேகமாக வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கரண்டி பறந்து சுவரில் பட்டது. டப்பா கவிழ்ந்தது. சிட்டு வீறிட்டு அழுதாள்.

"பாவி!" சின்னவள் கத்தினாள். "என் புள்ள சாப்பாட்டைத் தட்டி விடுறியா? உனக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும்டி அந்த வயித்தெரிச்சல்!"

கூடத்திலிருந்து பெரியவளின் புருஷன், பெரியவர், ஓடி வந்தார். "ஏய்… என்ன பண்ணினே நீ? உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

அப்போதும் 'என்ன பண்ணினே' என்றுதான் கேட்டார். என்னவென்று சொல்வது? பாட்டில் வேர்க்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று திறந்து பார்த்தால்…

வாசலில் செருப்புச் சத்தம். கொழுந்தன் வந்துவிட்டான். முழங்கை வரை மாவு. கையில் சூடான ரொட்டிப் பொட்டலம்.

"என்ன சத்தம்? தெருமுனை வரைக்கும் கேக்குது."

"உங்க அண்ணியைக் கேளுங்க! புள்ள வாய்க்குப் போறதைத் தட்டி விட்டாங்க. கறி கெட்டுப் போச்சாம்! நான் ஃபிரிட்ஜுல வச்சது கெட்டுப் போச்சாம்!"

"கெட்டுப் போகாதே…" அவன் பொட்டலத்தை வைத்துவிட்டு, இன்னும் பூட்டாமல் இருந்த ஃபிரிட்ஜைத் திறந்தான். "நேத்து காலையில நீ தண்ணி ஜில்லுன்னு இல்லேன்னு சொன்னேல்ல? அப்பவே நான் ஃபுல் கூலிங்ல வச்சுட்டேனே. இங்க பாரு, ஒண்ணு!" உள்ளே கையை விட்டவன் முகத்தைச் சுளித்தான். "என்ன இது, வெதுவெதுன்னு இருக்கு… இன்னும் குறைக்கணுமோ?"

மாவு விரல் குமிழுக்குப் போனது.

"கையை எடு தம்பி!"

அப்படி ஒரு குரலை அந்த வீடு ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. அவன் கையை எடுத்துவிட்டான். பெரியவள் நடந்து போனாள். பூட்டு போட்ட நாளிலிருந்து தொடாத பெட்டிக்குள் கையை விட்டு, குமிழைப் பிடித்து, நாலுக்குத் திருப்பினாள். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமத் தொடங்கியது.

சிட்டுவின் விசும்பலும் அந்த உறுமலும்தான் கேட்டன.

"நாலு வச்சாத்தான் ஓடுது…" சின்னவள் மெதுவாகச் சொன்னாள். அவள் கடையில் மருந்து வைக்கிற பெட்டியின் முகப்பிலும் எண் தெரியும். அங்கே அது டிகிரி, எண் குறைந்தால் குளிர் அதிகம். அதனால் புருஷன் ஒன்று என்று சொன்னபோது அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "நம்பர் ஏறினா குளிர் ஏறுமா இதுல? அப்போ… போன வெயில்ல…?"

கொழுந்தனின் முகத்தில் ஈயாடவில்லை.

"போன வெயில்லயும் நான்தான் ஒண்ணுல வச்சேன். ஆனா… ஆனா நான் வந்து பாத்தப்ப நாலுல இருந்துச்சே!" அவன் அண்ணியைப் பார்த்தான். "ஆஸ்பத்திரியில இருந்து சட்டை மாத்த வந்தேன். பாத்தேன். நாலு. நான் குளிரா வச்சதை அண்ணி கைதவறிச் சூட்டுக்குத் திருப்பிட்டாங்க போலன்னு நினைச்சேன். இது வேற தெரிஞ்சா இவ உங்களைக் கொன்னே போட்டுடுவாளேன்னு… யாருகிட்டயும் வாயே திறக்கல அண்ணி! இத்தனை நாளும் உங்களைக் காப்பாத்துறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்… நான்… உங்களை!"

ஆஸ்பத்திரியில் அவன் பார்த்த அந்தப் பார்வைக்கு இப்போது அர்த்தம் கிடைத்தது. பெரியவளுக்குச் சிரிப்பு வர வேண்டும், அல்லது அழுகை வர வேண்டும். எதுவும் வரவில்லை.

"நீங்கதான் மாத்தினீங்களா? எப்போ அண்ணி? சொல்லுங்க… சொல்லுங்கன்னா!"

"புள்ளைக்குத் துணி எடுக்க வந்தப்ப." அவள் குரல் சமையல் சொல்கிற மாதிரி இருந்தது. "ஒண்ணுல இருந்துச்சு. உன் விரல் மாவு ஒட்டியிருந்துச்சு. துடைச்சுட்டேன்."

"கறியை வெளியில மறந்து வச்சேன்னு சொன்னீங்களேக்கா…" சின்னவள் கவிழ்ந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

"வைக்கல. ஆற வச்சு, மூடி போட்டு, மேல் தட்டுலதான் வச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு அப்போ சளி. மூக்கு அடைச்சிருந்துச்சு. மோந்து பாத்தும் தெரியல. அது என் தப்புதான்ம்மா. அதுக்காக நீ அடிச்சது சரிதான்னு வச்சுக்கிட்டேன்."

அதைக் கேட்டதும் கொழுந்தன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். மாவு தூளாகப் பறந்தது. "என் புள்ளையை நானே… ஐயோ… நானே!" சுவரை நோக்கிப் போனான். பெரியவள் குறுக்கே போய் அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். அரை டிராயர் வயசில் அடம்பிடித்தால் பிடிப்பாளே, அதே பிடி.

"இதுக்குத்தான் தம்பி சொல்லல. புள்ள பொழைச்சுட்டா, பாரு. அந்தா உக்காந்திருக்கா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ யாரை அப்பான்னு கூப்பிடுவா? சும்மா இரு."

சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் அடிச்சேனேக்கா… பூட்டுப் போட்டேனே… இப்பக்கூட, புள்ள இல்லாதவன்னு சொல்லிக் காட்டினேனே… என் நாக்கு அழுகிப் போகாதா! எனக்காக, என் குடும்பத்துக்காக… நீங்க ஏன்க்கா? திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? என்னைத் தூக்கிப் போட்டு மிதிச்சிருக்கக் கூடாதா?"

"எழுந்திரும்மா. வேலைக்கு நேரமாச்சு."

பெரியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்புகிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே. நான் உன் புருஷன் இல்லையா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று தேடினால் இருந்திருக்காது. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"நீங்க கேக்கலியே. 'ஏன் அப்படிப் பண்ணினே'ன்னு கேட்டீங்க. 'நீயா பண்ணினே'ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா, உங்ககிட்ட சொல்லியிருப்பேன்."

தினமும் நாலு தெரு நிறைய ஜனங்களைக் கரெக்டாக இறக்கிவிடுகிற மனுஷன், தன் வீட்டு வாசலில் இறங்கத் தெரியாமல் நின்றார்.

அழுகிறவர்கள் அழட்டும் என்று விட்டுவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். கறியைக் கொட்டினாள். பாலைக் கொட்டினாள். நேற்றைய சோற்றையும் கொட்டினாள். "கொஞ்சமா கெட்டதுன்னு ஒண்ணு கிடையாதும்மா" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டாள். தட்டுகளை உருவிச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். சிதறியதைத் துடைத்தாள். கொழுந்தன் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கதவின் ரப்பரைத் துடைத்தான். அவன் கண்ணீரும் அதிலேயே விழுந்து, அதையும் சேர்த்துத் துடைத்தான்.

சின்னவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து வந்தாள். இரண்டு கையிலும் வைத்து நீட்டினாள்.

"இதை இனிமே நீங்களே வச்சுக்கங்கக்கா. உங்க ஃபிரிட்ஜு. உங்க வீடு."

"எனக்குச் சாவி வேண்டாம்மா. பூட்டை எடுத்துடு. அது போதும்."

பூட்டு வரவில்லை. திருகாணி துருப்பிடித்திருந்தது. கடைசியில் பெரியவர்தான் திருப்புளி கொண்டுவந்து, முகம் சிவக்கச் சிவக்கத் திருகிக் கழற்றினார். கதவில் இரண்டு ஓட்டை மிச்சமாயின.

பேக்கரி ரொட்டி இருந்தது. வெளியே கூடையில் நேற்று சாயந்தரம் வாங்கிய முட்டை இருந்தது. பெரியவள் முட்டையை வேகவைத்து உரித்தாள். ரொட்டியின் நடுப்பாகத்தைப் பிய்த்து, முட்டையோடு சேர்த்து மசித்து, உப்பைத் தூவினாள். எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். கை வேலை செய்தது. ஆனால் அது வேறு யாருடைய கையோ மாதிரித்தான் இன்னமும் இருந்தது.

சிட்டுவின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு சின்ன உருண்டை எடுத்தாள். அளவு மறக்கவில்லை. குழந்தைதான் வளர்ந்திருந்தது, உருண்டை கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது.

"ஆ காட்டு கண்ணு."

சிட்டு வாயைத் திறக்கவில்லை. உருண்டையைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா… சாப்பிடலாமா?"

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். கொழுந்தன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அந்தக் கேள்வியைக் குழந்தை கற்றுக்கொண்டு வெகுநாளாகிவிட்டது; அதை யார் கற்றுக்கொடுத்தது என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பெரியவளின் கை நடுவழியிலேயே நின்றது. கீழே இறக்கவில்லை.

"நல்ல கேள்விடி தங்கம். யாரு குடுத்தாலும் கேளு. முதல்ல மோந்து பாரு. நல்லா இருந்தா சாப்பிடு."

சிட்டு முன்னால் சாய்ந்தாள். உருண்டையை மோந்தாள். அப்படியே விரலை மோந்தாள், உள்ளங்கையை மோந்தாள், மணிக்கட்டு வரைக்கும் மூக்கை உரசிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள்.

"ஒரே சோப்பு வாசனைதான் வருது" என்றாள்.

"கழுவிக்கிட்டே இருந்தேன் கண்ணு."

"ஏன்?"

குழந்தை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாயை அகலமாகத் திறந்து உருண்டையை லபக்கென்று கவ்வியது. ரொம்ப நாள் பழக்கம் விட்டுப்போயிருந்ததா, பெரியவளுக்கு விரலை எடுக்கத் தெரியவில்லை. சிட்டுவின் பல் ஆட்காட்டி விரலில் நறுக்கென்று பட்டது.

வலித்தது.

பெரியவள் விரலை எடுத்துப் பார்த்தாள். பல் பதிந்த இடம் முதலில் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. சுரீரென்று அந்த வலி முழங்கைக்கு ஏறி, தோளுக்கு ஏறி, நெஞ்சுக்கு வந்தது. வந்ததும் அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, அறை வாங்கியபோது அழாதது, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று நின்று அழாதது எல்லாம் சேர்த்து, சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

சிட்டு பயந்துபோய் மெல்லுவதை நிறுத்தினாள்.

"கடிச்சுட்டேனா பெரியம்மா? வலிக்குதா?"

"ஆமாண்டி… வலிக்குதுடி…" பெரியவள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "நல்லா வலிக்குது!"